‘தெரியாது’ என்பதற்கு ரெண்டு சொல்: ஜப்பானிய மொழியில் எதை, எப்போது சொல்ல வேண்டும்?

ஒசாகாவில் ஓர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் இருந்து போன இளம் பொறியாளர் ஒருவர் வேலையில் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. பக்கத்து இருக்கைக்காரர் தனாகா வெளியே போயிருக்கிறார். சீனியர் ஒருவர் வந்து, “தனாகா எத்தனை மணிக்குத் திரும்பி வருவார்?” என்று கேட்கிறார். பொறியாளர் பணிவாக, “ஷிரிமஸென்” என்கிறார். ‘தெரியாது’ என்று அர்த்தம். இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் சீனியரின் முகம் சட்டென்று மாறிவிடுகிறது.

என்ன தப்பு நடந்தது?

‘தெரியாது’ என்பதற்கு ஜப்பானிய மொழியில் பாடப்புத்தகம் ஆரம்பத்திலேயே இரண்டு சொற்களைத் தருகிறது. ஒன்று ‘ஷிரிமஸென்’, இன்னொன்று ‘வகரிமஸென்’. ‘ஷிரு’ என்பது வெளியில் இருந்து வரும் தகவலை அறிந்திருப்பது. ‘வகரு’ என்பது யோசித்தோ, விசாரித்தோ, பார்த்தோ ஒன்று விளங்குவது. “இந்தக் கம்பெனியைத் தெரியுமா?” என்று யாராவது கேட்டால் ‘ஷிரிமஸென்’ சரியான பதில். ஆனால், பக்கத்து இருக்கைக்காரர் எப்போது வருவார் என்பது நீங்கள் கொஞ்சம் அக்கறை காட்ட வேண்டிய விஷயம். அங்கே ‘ஷிரிமஸென்’ என்றால், ‘அதைத் தெரிஞ்சுக்க எனக்கு அவசியமில்லை’ என்ற தொனி வந்துவிடும்.

தமிழிலும் இது இருக்கிறது. “எனக்குத் தெரியாது” என்று சொல்லிப் பாருங்கள். கதவைச் சாத்துவது போல இருக்கும். “தெரியலையே…” என்று சொல்லிப் பாருங்கள். அதே தகவல்தான், ஆனால் கதவு பாதி திறந்திருக்கும். அந்தப் பொறியாளர் சொல்லியிருக்க வேண்டியது ‘தெரியலையே’. அதாவது, ‘வகரிமஸென்’.

### இது ஏன் முக்கியம்?

சொற்களைப் பொருத்தம் பார்த்துப் பிரித்துப் பயன்படுத்துவதற்கு ஜப்பானியர்களே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: ‘த்சுகாய்வாகே’. ‘பயன்படுத்துதல்’, ‘பிரித்தல்’ என்ற இரண்டு வினைகள் சேர்ந்த சொல் அது. ஜப்பான் அரசின் கலாசார முகமை 2014-ல், ஒரே உச்சரிப்புள்ள சொற்களை எந்த இடத்தில் எந்த எழுத்தால் எழுதுவது என்று உதாரணங்களோடு ஒரு வழிகாட்டியே வெளியிட்டது. அதாவது, சொந்த மொழிக்காரர்களும் தடுமாறும் இடம்தான் இது.

தமிழ்நாட்டில் ஜப்பானிய மொழி படிப்பவர்களுக்கு இது தேர்வு விஷயமும்கூட. ஜே.எல்.பி.டி எனப்படும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வு 1984-ல் தொடங்கியது. 2010-ல் இருந்து என்-5 முதல் என்-1 வரை ஐந்து நிலைகளாக நடக்கிறது. சென்னையும் ஒரு தேர்வு மையம். இதன் சொல்வளப் பகுதியில், கொடுத்த சொல்லுக்கோ வாக்கியத்துக்கோ நெருக்கமான பொருள் தருவதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விகள் எல்லா நிலைகளிலும் உண்டு. என்-4 முதல், ஒரு சொல் எந்த வாக்கியத்தில் சரியாகப் பொருந்துகிறது என்றும் கேட்பார்கள்.

தேர்வைத் தாண்டி வேலையும் இருக்கிறது. 2019-ல் ஜப்பான் கொண்டுவந்த ‘குறிப்பிட்ட திறன் பணியாளர்’ விசா திட்டத்தில் இந்தியர்களும் பங்கேற்க, 2021 ஜனவரியில் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்தன. முதியோர் பராமரிப்பும் அதில் ஒரு துறை. 80 வயதுப் பாட்டியிடம் என்ன சொல் சொல்கிறோம் என்பதுதான் அங்கே வேலையின் தரமே.

### சிக்கல் எங்கே தொடங்குகிறது?

நம்மில் பெரும்பாலானோர் ஜப்பானிய மொழியை ஆங்கிலம் வழியாகத்தான் படிக்கிறோம். ஆப், ஃப்ளாஷ் கார்டு, யூடியூப் வீடியோ என எல்லாமே ஆங்கிலம். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பதை ஜப்பானிய மொழி இரண்டாக, மூன்றாகப் பிரிக்கும்போது குழப்பம் வருகிறது.

‘ரைஸ்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானிய மொழியில் வயலில் நிற்பது ‘இனே’. உமியோடு இருப்பது ‘மொமி’. கடையில் வாங்குவது ‘கொமே’. கிண்ணத்தில் பரிமாறுவது ‘கோஹன்’. மேற்கத்திய உணவோடு தட்டில் வைத்தால் ‘ரைசு’. ஆங்கிலம் வழியாக வருபவர் ஐந்தையும் மனப்பாடம் செய்ய வேண்டும். தமிழருக்கு என்ன கஷ்டம்? நெற்பயிர், நெல், அரிசி, சோறு என்று வரிசையாக இருக்கிறது. ஹோட்டலில் ‘ஃப்ரைடு ரைஸ்’ என்போமே தவிர ‘வறுத்த சோறு’ என்று யாரும் கேட்பதில்லை. ‘ரைசு’ வருவதும் ஏறக்குறைய அப்படித்தான்.

ஆக, முதல் யோசனை இதுதான்: இரண்டு ஜப்பானியச் சொற்களுக்கு ஆங்கிலத்தில் ஒரே அர்த்தம் போட்டிருந்தால், உடனே தமிழில் யோசித்துப் பாருங்கள். பல நேரங்களில் விடை கையிலேயே இருக்கும்.

### தமிழ் கைகொடுக்கும் இடங்கள்

அனி, ஒதோதோ, அனே, இமோதோ: அண்ணன், தம்பி, அக்கா, தங்கை. மூத்தவரா இளையவரா என்று பார்க்காமல் உடன்பிறந்தவரைப் பற்றிப் பேச ஜப்பானிய மொழி அநேகமாக விடாது. நமக்கு இது புதிதே இல்லை. ஒன்றை மட்டும் கூடுதலாகக் கற்க வேண்டும். நம் அண்ணனைப் பற்றி வெளியாரிடம் சொல்லும்போது ‘அனி’. அவர்களுடைய அண்ணன் என்றால் மரியாதையோடு ‘ஒனீசான்’.

ஒமொவு, கங்காஎரு: ஆங்கில அகராதி இரண்டுக்கும் ஒரே சொல்லைத் தரும். தமிழில் முதலாவது ‘நினை’, இரண்டாவது ‘யோசி’. “மழை வரும்னு நினைக்கிறேன்” என்பதற்கு ‘ஒமொவு’. “பதிலை யோசிச்சுக்கிட்டிருக்கேன்” என்பதற்கு ‘கங்காஎரு’. ஒரு எச்சரிக்கை: வியாபாரப் பேச்சில் ஜப்பானியர் “யோசித்து வைக்கிறேன்” என்று சொன்னால், பெரும்பாலும் அது நாசூக்கான மறுப்பு. நம் ஊரில் “பார்க்கலாம்” என்பது போல.

சமுய், த்சுமேதாய்: வானிலை குளிர்ந்தால் ‘சமுய்’. தொட்டால் சில்லென்று இருப்பது ‘த்சுமேதாய்’. “இன்னைக்கு ரொம்பக் குளிருது”, “தண்ணி சில்லுனு இருக்கு” என்ற இரண்டு வாக்கியங்களை மனதில் வைத்துக்கொண்டால் போதும். பாசமில்லாத மனிதரையும் ‘த்சுமேதாய்’ என்பார்கள்.

மிசு, ஒயு: சாதாரணத் தண்ணீர் ‘மிசு’, வெந்நீர் ‘ஒயு’. ‘சூடான மிசு’ என்று சொன்னால் ஜப்பானியர் காதுக்கு உறுத்தும். வெந்நீருக்குத் தனிச்சொல் வைத்திருப்பவர்கள் நாமும்தான்.

உரேஷீ, தனோஷீ: வேலை கிடைத்த செய்தி வந்ததும் மனதில் வருவது ‘உரேஷீ’. நண்பர்களோடு டூர் போன அனுபவம் ‘தனோஷீ’. சுருக்கமாக, ஒன்று ‘சந்தோஷமா இருக்கு’, இன்னொன்று ‘ஜாலியா இருந்துச்சு’. பார்ட்டி முடிந்து விடைபெறும்போது ‘பார்ட்டி உரேஷீயாக இருந்தது’ என்றால் பொருந்தாது.

கொரே, சொரே, அரே: பேசுபவர் பக்கத்தில் இருப்பது ‘கொரே’. கேட்பவர் பக்கத்தில் இருப்பது ‘சொரே’. இருவருக்கும் தள்ளி இருப்பது ‘அரே’. நடுவில் இருக்கும் ‘சொரே’தான் நம்மைப் படுத்தும். ஆனால் யாழ்ப்பாணத் தமிழரிடம் கேட்டால் சிரிப்பார். அங்கே ‘இது, உது, அது’ இன்னும் பேச்சில் உண்டு. உங்கள் பக்கத்தில் இருப்பது ‘உது’. பழந்தமிழில் எல்லோருக்கும் இருந்த சொல் அது. ‘எது’ என்பதற்கான ‘தொரே’யையும் சேர்த்தால், இது–உது–அது–எது என்ற நான்கும் அப்படியே பொருந்துகின்றன.

இப்படி ஒற்றுமைகளைப் பார்க்கும்போது இரண்டும் உறவு மொழிகளா என்று கேட்கத் தோன்றும். ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ (1919–2008) அப்படி ஒரு கருத்தைப் பல ஆண்டுகள் முன்வைத்தார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, படிக்கிறவருக்கு இந்த ஒற்றுமை பயன்படும்.

### தமிழ் காலை வாரும் இடங்கள்

எல்லா இடத்திலும் தமிழை நம்பினால் வழுக்கி விழவும் நேரும். முக்கியமான மூன்று இடங்கள் இவை.

1. வர்றேனா, போறேனா?

அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறார். “இதோ வர்றேன்” என்கிறோம். நண்பரிடம் போனில், “நாளைக்கு உங்க வீட்டுக்கு வர்றேன்” என்கிறோம். ஜப்பானிய மொழியில் இரண்டு இடத்திலும் ‘வருகிறேன்’ வராது, ‘போகிறேன்’தான். ‘குரு’ (வா) அல்ல, ‘இகு’ (போ). அங்கே ‘குரு’ என்பது பேசுபவர் இருக்கும் இடத்தை நோக்கி நகர்வது. நீங்கள் உங்கள் இடத்தை விட்டு இன்னொருவரிடம் போகிறீர்கள் என்றால், அவரிடமே பேசிக்கொண்டிருந்தாலும், அது போவதுதான்.

அதே சமயம், வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஜப்பானியர் சொல்வது ‘இத்தே கிமஸு’. சொல்லுக்குச் சொல் பார்த்தால், ‘போய்விட்டு வருகிறேன்’. வீட்டில் இருப்பவர் திருப்பிச் சொல்லும் ‘இத்தேரஷ்ஷாய்’க்குப் பொருள், ‘போயிட்டு வாங்க’. இது மட்டும் நம் வீட்டு வாசலில் கேட்பது போலவே இருக்கும்.

2. கொடுத்தது யார், யாருக்கு?

‘கொடு’ என்பதற்கு இரண்டு சொற்கள்: ‘அகெரு’, ‘குரெரு’. நான் மற்றவருக்குக் கொடுத்தால் ‘அகெரு’. மற்றவர் எனக்கோ என் வீட்டாருக்கோ கொடுத்தால் ‘குரெரு’. “தனாகா எனக்குப் புத்தகம் கொடுத்தார்” என்பதற்கு ‘அகெரு’ போட்டால் தவறு.

இதற்கு ஒரு பழைய தமிழ்த் துணை உண்டு. ‘தரு’, ‘வரு’ என்ற சொற்கள் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை. ‘செல்’, ‘கொடு’ என்பவை படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியம் சொல்லதிகாரம் விதி சொல்கிறது. எனக்கும் உனக்கும் என்றால் தருவது, அவனுக்கு என்றால் கொடுப்பது. இன்றைய தமிழில் இந்த வேறுபாடு மங்கிவிட்டது. மலையாளத்தில் இன்னும் இருக்கிறது.

இங்கேதான் ஒரு முக்கியமான வித்தியாசம் தெரிகிறது. தமிழ் விதியில் ‘நானும் நீயும்’ ஒரே பக்கம். அதனால்தான் உன்னிடம் ‘வருகிறேன்’, உனக்குத் ‘தருகிறேன்’. ஜப்பானிய மொழியில் மையம் ‘நான்’ மட்டுமே. கூடவே என் குடும்பம், சில சமயம் என் அலுவலகம். ‘நீ’ அந்த வட்டத்துக்கு வெளியே. அதனால் உன்னிடம் ‘போகிறேன்’, உனக்கு ‘அகெரு’. இந்த ஒரு கோட்டைப் புரிந்துகொண்டால் நான்கு சொற்களின் குழப்பம் ஒரே நேரத்தில் தீரும்.

இதில் ஓர் உணர்வும் கலந்திருக்கிறது. சீனியர் வேலையைக் கற்றுத்தந்தார் என்று சொல்லும்போது வினையோடு ‘குரெரு’ சேர்த்தால் நன்றியும் சேரும். சேர்க்காவிட்டால் வெறும் தகவலாக நிற்கும். மறுபக்கம், மூத்தவரிடம் “உதவி செய்து தரட்டுமா?” என்று ‘அகெரு’ சேர்த்துக் கேட்டால், ‘உனக்கு உபகாரம் பண்றேன்’ என்ற தொனி வந்துவிடும். பராமரிப்பு இல்லத்தில் பாட்டியிடம் அப்படிக் கேட்கக் கூடாது. “ஒதெத்சுதாய் ஷிமஷோ கா” என்ற பணிவு வடிவம்தான் பொருத்தம்.

3. இருக்கு என்றால் எது?

பொருள் இருந்தால் ‘அரு’, உயிருள்ளது இருந்தால் ‘இரு’ என்று முதல் மாதமே சொல்லிக்கொடுப்பார்கள். நாம் உடனே உயர்திணை, அஃறிணை என்று நினைத்துக்கொள்வோம். அது பொருந்தாது. நாய், எறும்பு, மீன் எல்லாம் நமக்கு அஃறிணை; அங்கே மூன்றுக்கும் ‘இரு’. சரி, உயிர் இருந்தால் ‘இரு’ என்று முடிவு கட்டினால், மரத்துக்கு ‘அரு’ வருகிறது. தானாக நகரக்கூடியது என்று பேசுபவர் கருதுகிறாரா என்பதுதான் கணக்கு. தொட்டியில் நீந்தும் மீனுக்கு ‘இரு’. கடையில் ஐஸ் மேல் கிடக்கும் மீனுக்கு ‘அரு’. பேய்க்கும் ‘இரு’தான்!

### ஆபீஸில் எதைச் சொல்வது?

அலுவலகத்தில் அர்த்தத்தைவிட, யார் யாரிடம் சொல்கிறார் என்பதுதான் சொல்லைத் தீர்மானிக்கிறது. ஜப்பானின் கலாசார அவை 2007-ல் வெளியிட்ட மரியாதை மொழி வழிகாட்டி, மரியாதைச் சொற்களை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. புதிதாகச் சேர்பவருக்கு அவ்வளவும் உடனே தேவையில்லை. தினமும் வாயில் வரும் சில சொற்கள் போதும்.

வேலை முடிந்ததும்: ‘ஒத்சுகரேசமா’, ‘கோகுரோசமா’ இரண்டுமே உழைப்பைப் பாராட்டும் சொற்கள். முதலாவதை எவரிடமும் சொல்லலாம். இரண்டாவது மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் சொல்வது. மேனேஜரைப் பார்த்து ‘கோகுரோசமா’ என்றால், அவர் முதுகில் தட்டி ‘பரவால்லப்பா, நல்லா பண்ணே’ என்பது மாதிரி.

சரி என்று சொல்ல: ‘ர்யோகாய்’ நண்பர்களுக்கும் சக ஊழியர்களுக்கும். மேலதிகாரியிடம் ‘வகரிமஷிதா’ அல்லது ‘ஷோச்சி ஷிமஷிதா’. வாடிக்கையாளரிடம் ‘கஷிகொமரிமஷிதா’. நம் ‘ஓகேடா’, ‘சரிங்க’, ‘ஆகட்டுங்க ஐயா’ வரிசை போலத்தான்.

மன்னிப்பு: நெருங்கியவரிடம் ‘கோமென்’. பொதுவாக ‘சுமிமஸென்’. வாடிக்கையாளரிடம் தவறு நேர்ந்தால் ‘மோஷிவகே கோசைமஸென்’. இதில் ‘சுமிமஸென்’ பல வேலை செய்யும். ஹோட்டலில் சர்வரைக் கூப்பிடவும் அதுதான். யாராவது உதவினால் நன்றி சொல்லவும் அதுதான். ‘உங்களுக்கு வீண் சிரமம்’ என்று நாம் சொல்வதன் இன்னொரு வடிவம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

வேண்டாம் என்று சொல்ல: ‘இரனாய்’ என்பது பட்டென்று ‘வேணாம்’. ‘கெக்கோ தேஸு’ பணிவானது, ஆனால் கொஞ்சம் விறைப்பு. கடையில் பை வேண்டுமா என்று கேட்டால் இன்று பலர் சொல்வது ‘தைஜோபு தேஸு’. அதன் நேர்ப்பொருள் ‘ஒன்றும் பிரச்சினை இல்லை’. பந்தியில் இலையை மறைத்துக்கொண்டு “பரவாயில்லைங்க” என்கிறோமே, அதேதான்.

### எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஒத்த சொற்கள் இரண்டு எதிரே வந்தால் இந்த நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

• நான் எங்கே நிற்கிறேன்? என்னை நோக்கி வருகிறதா, என்னை விட்டுப் போகிறதா? (குரு–இகு, குரெரு–அகெரு)

• யாரிடம் பேசுகிறேன்? மேலவரா, சமமானவரா, வெளியாரா? (ஒத்சுகரேசமா–கோகுரோசமா)

• எதைப் பற்றிப் பேசுகிறேன்? நகர்வதா, நகராததா? காற்றா, கையால் தொடுவதா? (இரு–அரு, சமுய்–த்சுமேதாய்)

• இந்த விஷயத்தில் நான் அக்கறை காட்ட வேண்டுமா? (ஷிரிமஸென்–வகரிமஸென்)

படிக்கும் முறையிலும் சின்ன மாற்றம் தேவை. ஃப்ளாஷ் கார்டில் தனிச்சொல்லை எழுதாமல், ஜோடியாக இரண்டு வாக்கியங்களை எழுதுங்கள். அர்த்தத்தைப் பேச்சுத் தமிழில் எழுதுங்கள். ‘குளிர்ச்சியான’ என்று எழுதினால் பயனில்லை. ‘தண்ணி சில்லுனு இருக்கு’ என்று எழுதினால் மறக்காது. என்-3 நிலைக்கு மேல் போனவர்கள் ஜப்பானியப் பள்ளிக் குழந்தைகளுக்கான அகராதியைப் பார்க்கலாம். எளிய சொற்களில் விளக்கம் இருக்கும். ஜப்பானிய தேசிய மொழி ஆய்வு நிறுவனம் 2011-ல் வெளியிட்ட, சுமார் 10 கோடி சொற்கள் கொண்ட எழுத்துமொழித் தொகுப்பும் இணையத்தில் உண்டு. ஒரு சொல் நிஜ வாக்கியங்களில் எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது என்று அதில் தேடலாம்.

இன்னொன்று: இங்கே தமிழ் எழுத்தில் இருக்கும் உச்சரிப்பு தோராயமானதுதான். ‘க’, ‘த’ போன்ற எழுத்துகளில் வல்லொலி எது, மெல்லொலி எது என்று தமிழில் காட்ட முடியாது. ஒவ்வொரு சொல்லையும் ஒருமுறை ஆடியோவில் கேட்டுவிடுங்கள்.

தவறிவிட்டால்? பெரும்பாலான ஜப்பானியர்கள் வெளிநாட்டவரின் சொல் பிழையைப் பெரிதுபடுத்துவதில்லை. சிக்கலே அதுதான். தப்பென்று எடுத்துச் சொல்லவும் மாட்டார்கள். முகம் லேசாக மாறும், பேச்சு அதோடு நின்றுவிடும். ஏன் என்று தெரியாமலேயே நாட்கள் போகும். அதனால் நம்பிக்கையான சக ஊழியர் ஒருவரிடம், ‘நான் சொன்னது சரியா?’ என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அந்த ஒசாகா அலுவலகத்துக்கே திரும்புவோம். ‘ஷிரிமஸென்’னைவிட ‘வகரிமஸென்’ மேல். அதைவிட மேலான பதில் ஒன்று உண்டு: “சுமிமஸென், ககுனின் ஷிமஸு.” நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், “சாரிங்க, கேட்டுச் சொல்றேன்.”